விடை சரி, விளக்கம் எங்கே?

முதலில் ஒரு குறிப்பு.

வருமாறு சொல்லிப் பாரம் ஏற்றினால் சாலையில் ஓடுவது (4)

ஒரகடம் பக்கம் இருப்பவர்களுக்கு இதைப் படித்ததுமே கண்முன்னால் ஒரு ட்ரெய்லர் லாரி வந்து நிற்கும். கிட்டத்தட்ட அதுதான் விடை. ஆனால் ‘லாரி’ என்று எழுதினால் இரண்டு கட்டம்தான் நிரம்பும். அடைப்புக்குறிக்குள் 4 என்று போட்டிருக்கிறது. வருமாறு சொல்வது என்றால் ‘வா’. பாரம் என்றால் ‘கனம்’. ‘வா’வோடு ‘கனம்’ ஏற்றினால் வாகனம். சாலையில் ஓடுவதும் அதுதான். வா, க, ன, ம் என்று நாலு எழுத்து. கணக்கு முடிந்தது.

ஆங்கிலத்தில் இந்த மாதிரிக் குறுக்கெழுத்தை க்ரிப்டிக் என்கிறார்கள். நான் இங்கே சங்கேதப் புதிர் என்றே வைத்துக்கொள்கிறேன். சாதாரணக் குறுக்கெழுத்தில் பொருளைக் கொடுத்துச் சொல்லைக் கேட்பார்கள். ‘யானையின் மூக்கு (4)’ என்றால் தும்பிக்கை... இல்லை, அது ஐந்து எழுத்து, துதிக்கைதான் நாலு. இதோடு அந்த ஆட்டம் முடிந்துவிடும். சங்கேதப் புதிரில் ஒரே விடைக்கு இரண்டு வழி இருக்கும். குறிப்பின் ஒரு பகுதி நேரான பொருள். மீதிப் பகுதி எழுத்துகளை வைத்து விடையைக் கட்டும் முறை. இரண்டும் சேர்ந்து ஒரு சாதாரண வாக்கியம் போல வேஷம் போட்டிருக்கும். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆட்டமே.

இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. புதிரை வெளியிடுகிறவர்கள் விடையை மட்டும் வெளியிட்டால் போதாது. ஒவ்வொரு விடையும் எப்படி வந்தது என்ற விளக்கத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும். விளக்கம் என்பது போனஸ் கிடையாது. அது இல்லாவிட்டால் இந்த விளையாட்டு ஏற்கனவே தெரிந்தவர்களின் கிளப்பாகவே இருந்துவிடும்.

பி.காம். படிக்கிறவனிடம் எதைக் கொடுத்தாலும் பற்று வரவில்தான் கொண்டுபோய் நிறுத்துவான் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் சங்கேதக் குறிப்புக்கு இரட்டைப் பதிவு முறையை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இடது பக்கம் பொருள், வலது பக்கம் எழுத்துக் கணக்கு. இரண்டும் ஒரே விடையில் வந்து நிற்க வேண்டும். வலது பக்கத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வவுச்சர் வேண்டும். ‘இந்த எழுத்து எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் குறிப்பில் உள்ள ஒரு சொல்லைக் காட்டத் தெரிய வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது பொய்க்கணக்கு.

உதாரணத்துக்கு இந்தக் குறிப்பைப் பாருங்கள்.

விரிப்பின் தலை மாறினால் மாதம் முடிந்து கைக்கு வருவது (5)

விரிப்பு என்றால் கம்பளம். தலை எழுத்தை மாற்றினால் சம்பளம். ஆஹா, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தணிக்கைக்கு உட்கார்ந்தால் இடிக்கிறது. ‘க’ போனதற்குக் கணக்கு இருக்கிறது. ‘ச’ எங்கிருந்து வந்தது? அதற்கு வவுச்சர் இல்லை. போடுகிறவர் மனசில் இருந்து வந்தது. இதையே இப்படி மாற்றலாம்:

விரிப்பின் தலையை எடுத்துச் சரக்கின் தலையை வைத்தால் மாதம் முடிந்து கைக்கு வருவது (5)

கொஞ்சம் நீளம்தான், அழகும் குறைந்துவிட்டது. ஆனால் நேர்மையானது. சரக்கின் தலை ‘ச’. இப்போது ஐந்து எழுத்துக்கும் ரசீது இருக்கிறது. முதல் வடிவத்தில் இருந்த ஓட்டை எப்போது வெளியே தெரிந்தது? விளக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான். வெறும் விடையைப் பார்த்தவர் யாருக்கும் அது தெரிந்திருக்காது. அதனால்தான் சொல்கிறேன், விளக்கம் எழுதுவது புதிர் போடுகிறவருக்கே ஒரு தணிக்கை.

‘கட்டத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டதே, அப்புறம் என்ன விளக்கம்?’ என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு இருப்பாய்வு பற்றிய முதல் பாடத்தை ஞாபகப்படுத்துகிறேன். இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒன்றாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஈடுசெய் பிழை என்று ஒன்று உண்டு. ஒரு தப்பை இன்னொரு தப்பு மறைத்துவிடும், கூட்டல் மட்டும் ஜம்மென்று நிற்கும். குறுக்கெழுத்திலும் அப்படித்தான். ஊகித்துப் போட்ட சொல் நெட்டுக்கும் குறுக்குக்கும் பொருந்திவிடலாம். அதில் நாம் கற்றது ஒன்றுமில்லை. அடுத்த புதிரில் அதே உத்தி வந்தால் மறுபடி முழிப்போம்.

சரி, இது வெறும் ரசனைப் பிரச்சினைதானே என்று தோன்றலாம். இல்லை. இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, நிஜமாகவே.

வணிகச் சட்டத் தாளில் பந்தய ஒப்பந்தம் என்று ஒரு பகுதி உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அந்தப் பகுதியைப் படிக்கும்போது குறுக்கெழுத்துப் போட்டி தவறாமல் வரும். 1936-ல் இங்கிலாந்தில் கோல்ஸ் எதிர் ஓடாம்ஸ் பிரஸ் என்ற வழக்கு. பத்திரிகைக்காரர் முன்கூட்டியே ஒரு விடையை எழுதிப் பூட்டி வைத்துக்கொள்கிறார். குறிப்புகளோ பல சொற்களுக்குப் பொருந்துகிற மாதிரி இருக்கின்றன. காசு கட்டி அனுப்புகிறவர் எது ‘அந்த’ விடை என்று குருட்டாம்போக்கில் குறி பார்க்கிறார். இது திறமைப் போட்டி இல்லை, லாட்டரி என்று நீதிமன்றம் சொன்னது.

நம் நாட்டிலும் அப்போது பரிசுக் குறுக்கெழுத்துகள் பெரிய வியாபாரமாக ஓடிக்கொண்டிருந்தன. 1955-ல் பாராளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. அந்தச் சட்டத்தின் விளக்கப் பிரிவிலேயே குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி என்ற பெயர் வருகிறது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா. 1957-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சூதாட்டம் வியாபாரம் ஆகாது, அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. ஆனால் வெற்றி பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது என்றால் இந்தச் சட்டம் அந்தப் போட்டியைத் தொடாது. ரம்மி வழக்குகளிலெல்லாம் வக்கீல்கள் மேற்கோள் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

அப்போ, ஒரு குறுக்கெழுத்து திறமையா சூதா என்று எதை வைத்துச் சொல்வது? என் பதில் இதுதான். விடையைப் படிப்படியாக விளக்க முடிந்தால் திறமை. ‘நான் நினைத்தது இதுதான்’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லை என்றால் சூது. ‘வீட்டுக்கு அழகு (3)’ என்று ஒரு குறிப்பு. கதவா? சுவரா? எல்லாம் சரி, எல்லாம் தப்பு. இதற்கு விளக்கம் எழுதவே முடியாது. சங்கேதப் புதிர் இதற்கு நேர் எதிர். அதற்கு விளக்கம் எழுத முடியும். எழுத முடிகிறதை எழுதாமல் விடுவது ஏன் என்பதுதான் என் கேள்வி.

இந்த ஆட்டம் நம் ஊருக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். 1913 டிசம்பர் 21-ல் ஆர்தர் வின் என்பவர் ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் போட்டதைத்தான் முதல் குறுக்கெழுத்து என்கிறார்கள். அது நேரான பொருள் கேட்கிற வகை. அதை எடுத்துச் சங்கேதமாக முறுக்கியவர்கள் ஆங்கிலேயர்கள், 1920-களில். 1942 ஜனவரியில் லண்டன் ‘டெய்லி டெலிகிராப்’ புதிரை 12 நிமிஷத்துக்குள் போட முடியுமா என்று ஒரு போட்டி வைத்தார்கள். அதில் தேறிய சிலரை ராணுவம் கூப்பிட்டு, ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்கும் ப்ளெட்ச்லி பார்க்குக்கு அனுப்பியது. அதிலிருந்து இந்தப் புதிருக்கு ‘அறிவாளிகள் சமாச்சாரம்’ என்ற முத்திரை இன்னும் பலமாக ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் ‘தி ஹிந்து’ ஆங்கில நாளிதழில் 1971-ல் ஆரம்பித்தது. முதல் பல வருடங்கள் அதை அமைத்தவர் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி, இந்தியக் கடற்படைக்குத் தளபதியான முதல் இந்தியர்.

அறிவாளி முத்திரைதான் பிரச்சினையே. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்து வந்த பசங்களிடம் ஆங்கிலப் புதிரைக் காட்டினால், ‘அதெல்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்களுக்கு’ என்று ஒதுங்கிவிடுவார்கள். உண்மையில் அதில் பாதி அறிவு கிடையாது, வெறும் பழக்கம். ‘மாலுமி’ என்று வந்தால் ஏ, பி என்ற இரண்டு எழுத்து. ‘மாடல்’ என்று வந்தால் டி என்ற எழுத்து, ஏனென்றால் ஃபோர்டு ஒரு காலத்தில் மாடல் டி என்று ஒரு கார் செய்தது. இது கார் தொழிற்சாலைகளுக்கு நடுவிலேயே வாழ்கிற பையனுக்கும் தானாகத் தெரியாது. யாராவது சொன்னால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பொதுவாக நாளிதழ்களில் மறுநாள் நிரப்பிய கட்டம் மட்டும் வரும். தெரியாதவன் அதைப் பார்த்து என்ன செய்வான்? தனக்கு மூளை போதவில்லை என்று முடிவு கட்டுவான். யாரும் சொல்லித் தரவில்லை என்பதே அவனுக்குத் தெரியாது. எனக்கு இதில் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

தமிழிலேயே விளையாடினால் என்ன? தாராளமாக விளையாடலாம். 2000-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘தென்றல்’ மாத இதழில் வாஞ்சிநாதன் பல ஆண்டுகள் இந்த வகைப் புதிர்களைத் தமிழில் அமைத்திருக்கிறார். தமிழில் இது முடியாது என்கிறவர்களுக்கு அதுவே போதுமான பதில். இருந்தாலும் நானே சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். வரிசையாக விளக்கத்தோடு தருகிறேன். (விளக்கம் கொடு கொடு என்று சொல்லிவிட்டு நானே கொடுக்காமல் விட்டால் உதைக்க வருவீர்கள் :-))

கை வாட இடம் மாறினால் மாதாமாதம் கொடுக்கவேண்டியது (3)

‘கை வாட’ என்ற மூன்று எழுத்தும் இடம் மாறினால் வாடகை. வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து இங்கே அறை எடுத்திருப்பவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

தரத்துக்குள்ளே கலப்படத்தின் ஆரம்பம், கூரை போடத்தான் ஆகும் (4)

‘தரம்’ என்ற சொல்லுக்குள் கலப்படத்தின் முதல் எழுத்து ‘க’ நுழைந்தால் தகரம்.

மாணவனுக்கு ஆணை, ஊழியனுக்குச் சம்பளத்தோடு வருவது (2)

படி. இரண்டு பக்கமும் நேரான பொருளே. பஞ்சப்படி, பயணப்படி எல்லாம் ஊழியனுக்கு. ‘படி’ என்கிற அதட்டல் மட்டும் நமக்கு.

‘வருகை தினமும் கட்டாயம்’ என்றதில் சிறைப்பட்டவன் (2)

‘வருகை தினமும்’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே ‘கைதி’ உட்கார்ந்திருக்கிறான். 75 சதவீத வருகைப்பதிவுக்காக வகுப்பில் உட்காரும் எல்லோருக்கும் இது சமர்ப்பணம்.

லாபத்தில் முதல் போனது, மிச்சம் கட்டம் போட்டு உருட்டும் ஆட்டம் (3)

லாபம் என்றால் ஆதாயம். அதில் முதல் எழுத்து ‘ஆ’ போனால் தாயம். வணிகவியல் மாணவனுக்கு ‘முதல்’ என்றதும் மூலதனம்தான் ஞாபகம் வரும், அங்கேதான் வழுக்கி விழுவான். முதல் என்ற ஒரே சொல் தமிழில் இரண்டு வேலை செய்வதால் இந்தக் குறிப்பு நிற்கிறது. இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பாருங்கள், ஒன்றும் மிஞ்சாது.

தமிழில் போடும்போது ஆங்கிலத்தில் இல்லாத சில சிக்கல்கள் வருகின்றன. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ‘கு’ என்பது ஒரே எழுத்து, அதை க், உ என்று பிரிக்கக்கூடாது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, நம்மிடம் 247. அதனால் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு இன்னொரு சொல் உண்டாக்குவது நமக்குக் கஷ்டம். ஆனால் விடை கண்டுபிடிக்கிறவருக்கு அதே விஷயம் லாபம். 247-ல் ஓர் எழுத்து குறுக்கே கிடைத்துவிட்டால் பாதி விடை வந்த மாதிரி. அப்புறம், நம் பெயர்ச்சொற்களில் ஏகப்பட்டவை ‘ம்’ என்று முடிகின்றன. மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்காது. ஆகவே வாகனம் முடிகிற கட்டத்தில் நெடுக்காக ஒரு சொல்லைத் தொடங்க முடியாது. கட்டம் வரைகிறவருக்குத் தலைவலி இங்கேதான் ஆரம்பம்.

சந்தி இன்னொரு தலைவலி. மேலே உள்ள கைதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘வருகைத் தினம்’ என்று ஒற்று மிகுந்து வந்திருந்தால் நடுவில் ஒரு ‘த்’ புகுந்து கைதி தப்பித்திருப்பான். அங்கே வருகை எழுவாயாக இருப்பதால் ஒற்று மிகவில்லை, பயல் மாட்டிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று மனப்பாடம் செய்தோமே, அது எதற்கு உதவும் என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. விளக்கம் எழுதும்போதுதான் இந்த இலக்கணம் எல்லாம் மேலே வருகிறது. வெறும் விடையில் வராது.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, தமிழில் ஒட்டாது’ என்று ஒரு கட்சி உண்டு. அவர்களுக்காகத் தண்டியலங்காரத்தைக் கொஞ்சம் புரட்டலாம். 12-ஆம் நூற்றாண்டு நூல் என்பார்கள். அதில் சொல்லணியியல் என்ற பகுதியில் சித்திர கவிகளின் பட்டியல் வருகிறது. கரந்துறைச் செய்யுள் என்றால் ஒரு செய்யுளுக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பது. அக்கரச்சுதகம் என்றால் ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க நீக்க வேறு வேறு பொருள் வருவது. எழுத்து வருத்தனம் அதற்குத் தலைகீழ், எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது. வினாவுத்தரம் என்றால் சின்னச் சின்னக் கேள்விகளுக்கு வரும் விடைகளைச் சேர்த்தால் ஒரு பெரிய விடை கிடைப்பது. நம்முடைய வா + கனம் இந்தச் சாதிதான். மாலைமாற்று என்றால் திருப்பிப் படித்தாலும் அதுவே வருவது, திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே அப்படிப் பாடியிருக்கிறார். காளமேகத்தின் சிலேடைகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலேயர்கள் கட்டத்தைக் கண்டுபிடித்திருக்கலாம், உள்ளே போடும் சரக்கு நம்மிடம் எப்போதோ இருந்தது.

ஆனால் நான் இந்தப் பட்டியலைச் சொன்னது பெருமை அடிக்க இல்லை. இந்தப் பழைய வித்தைகள் இன்றைக்கு நமக்கு எப்படிப் புரிகின்றன? யாரோ உட்கார்ந்து உரை எழுதினார்கள். இந்தச் சொல்லை இங்கே பிரி, இந்த எழுத்தை எடு, இப்போது பொருள் இது என்று சொல்லி வைத்தார்கள். உரை இல்லாவிட்டால் அந்தச் சித்திர கவிகள் எழுத்துக் குப்பை மாதிரிதான் நமக்குத் தெரிந்திருக்கும். பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் நாம் வள்ளுவரையும் தொல்காப்பியரையும் படித்த கையோடு சேர்த்தே படிக்கிறோம். உரையாசிரியர் என்று அவர்களுக்கு ஒரு மரியாதையான பெயரே கொடுத்திருக்கிறோம். சங்கேதக் குறிப்பை விளக்குகிறவர் செய்வது பதவுரை எழுதும் வேலைதான். இவ்வளவு உரை மரபு உள்ள மொழியில் விடையை மட்டும் அச்சடித்துவிட்டுப் போவது எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. ‘ஜோக்கை விளக்கினால் ஜோக் செத்துவிடும். புதிரும் அப்படித்தான். தானே கண்டுபிடிக்கும் சந்தோஷத்தை ஏன் கெடுக்கிறாய்?’ சரிதான். ஒரு குறிப்பை அரை மணி நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுத் திடீரென்று பிடிபடும்போது வரும் சந்தோஷத்தை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. அதனால் விளக்கம் விடையோடு மறுநாள் வந்தால் போதும், அதற்குமுன் வேண்டாம். மறுநாளும் பிடிபடாதவனுக்குக் கெடுவதற்கு என்ன சந்தோஷம் மிச்சம் இருக்கிறது? அவனுக்கு விளக்கம்தான் அடுத்த புதிருக்கான டிக்கெட். ஜோக்குக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இருக்கிறது. ஜோக்கை விளக்கினால் கேட்டவர் சிரிக்க மாட்டார். நல்ல குறிப்பை விளக்கினால் ‘அடப்பாவி!’ என்று சிரிப்பார். விளக்கியதும் சப்பென்று போகிறது என்றால் அந்தக் குறிப்பே சப்பையானது.

இன்னொரு வாதத்தை நான் ஏற்கமாட்டேன். ‘எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் இதில் என்ன கௌரவம்?’ என்பது. யாரும் வெளிப்படையாக இப்படிச் சொல்வதில்லை, ஆனால் பேச்சில் தொனிக்கும். அவர்களுக்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவரைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடையாய் நடந்து ரகசிய மந்திரத்தின் பொருளைத் தெரிந்துகொண்டார் என்றும், யாருக்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையை மீறிக் கோயில் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்றும் குருபரம்பரைக் கதை சொல்கிறது. மந்திரத்தின் பொருளையே கோபுரத்தில் ஏறிச் சொன்ன கதை உள்ள ஊரில், குறுக்கெழுத்து சூத்திரத்தைப் பொத்திப் பொத்தி வைப்பது கொஞ்சம் ஓவர் இல்லையா?

எங்கள் பகுதியில் இந்த ஆட்டம் பிடிக்கும் என்று நான் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் தூக்கிப் போட்டுவிட்டுப் போக முடியாது. ஏன் ஆனது, அது ஏன், அதற்கு முன் ஏன் என்று ஐந்து ‘ஏன்’ கேட்டு எழுத வேண்டும் என்பார்கள். ஜப்பானிய டொயோட்டாவில் இருந்து பரவிய பழக்கம் அது. விடை சரி என்றால் மட்டும் போதாது, காரணம் எழுது என்பது அவர்களுக்குத் தினசரி வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருகிறவர்கள் அவர்கள். செல்போனைத் தேய்ப்பதற்குப் பதிலாக ஒரு குறிப்பு கையில் இருந்தால் பஸ்ஸே சேர்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளும். பக்கத்து சீட்டுக்காரர் ‘கனம்னா வெயிட்டுதானே’ என்று எடுத்துக் கொடுப்பார். தேவை, முதல் இரண்டு வாரம் யாராவது எப்படி என்று சொல்லித் தருவதுதான்.

அதனால் என் கோரிக்கை சின்னது. தமிழ் நாளிதழ்கள் முழுக் கட்டம்கூடப் போட வேண்டாம். தினம் ஒரே ஒரு சங்கேதக் குறிப்பு போடட்டும். மறுநாள் மூன்று வரி: நேரான பொருள் எது, எழுத்துக் கணக்கு எது, இரண்டும் எங்கே சேர்கின்றன. இரண்டு அங்குல இடம் போதும், ராசிபலனில் ஒரு ராசிக்கு ஆகும் இடம். கல்லூரி ஆண்டு மலர்களில் கடைசிப் பக்கத்து மொக்கை ஜோக்குகளுக்குப் பதிலாக இதைப் போடலாம். ஆறு மாதத்தில் வாசகர்களே குறிப்பு எழுதி அனுப்ப ஆரம்பிப்பார்கள். அப்படி அனுப்பும்போது விளக்கத்தையும் கூடவே எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். விளக்கம் எழுத வராத குறிப்பை அவர்களே கிழித்துப் போட்டுவிடுவார்கள், ஆசிரியருக்கு வேலை மிச்சம்.

பி.கு.: சும்மா போகவேண்டாம், ஒன்று தருகிறேன். விடியலைத் திருப்பினால் விண்வெளிக்குப் போன நாய் (2). ரொம்பச் சுலபம். ஆனால் ‘கண்டுபிடிச்சுட்டேன்’ என்று விடையை மட்டும் சொன்னால் பாதி மார்க்தான்.